பட்டையில் நில், ஏசிஆரில் 140: எதை நம்புவது?

பண்ருட்டித் தம்பி
ஜூன் 4, மாலை 6:15

அப்பாவுக்கு 58 வயது. சர்க்கரை வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. போன வாரம் ஊரில் ஒரு லேபில் யூரின் பார்த்தோம். டிப்ஸ்டிக் பட்டையை நனைத்துப் பார்த்து அல்புமின் என்ற புரதம் 'நில்' என்று எழுதிக் கொடுத்தார்கள். பாண்டியில் சர்க்கரை டாக்டரிடம் அதைக் காட்டினால் ஓரமாக வைத்துவிட்டு, ஏசிஆர் (சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம்) எடுத்து வாருங்கள் என்றார். அதில் 140 வந்திருக்கிறது, கிட்னி பாதிப்பின் ஆரம்பமாக இருக்கலாம் என்கிறார். நில் என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்? இரண்டு நாளில் இல்லாத புரதம் எங்கிருந்து வந்தது? என்னைக் கேட்டால் ஏசிஆர் என்பதே காசு பறிக்கிற டெஸ்ட். லேபில் வேலை பார்ப்பவர்கள் இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள், பார்ப்போம்.

கெடிலக்கரை
ஜூன் 4, இரவு 9:40

மறுக்கிறேன். பாண்டியில் ஒரு பயோகெமிஸ்ட்ரி லேபில்தான் வேலை, வீடு மஞ்சக்குப்பம்.

இரண்டு ரிப்போர்ட்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம். பட்டையின் அந்தச் சின்னச் சதுரத்தில் டெட்ராபுரோமோஃபீனால் நீலம் என்ற சாயம் ஊறியிருக்கிறது. கூடவே பிஎச் (அமிலத்தன்மை) அளவை 3-க்குப் பக்கத்தில் பிடித்து வைக்கும் ஒரு கலவையும் இருக்கிறது. அந்த அமிலத்தில் சாயம் மஞ்சளாகவே இருக்கும். அல்புமின் வந்து ஒட்டிக்கொண்டால் பிஎச் மாறாமலே நிறம் பச்சைக்குத் திரும்பும், இன்னும் கூடினால் நீலப்பச்சை. ஆனால் டெசிலிட்டருக்கு 15 முதல் 30 மில்லிகிராம் வரையாவது அல்புமின் இருந்தால்தான் மனிதக் கண்ணுக்குப் பச்சை தெரியும். அதைத்தான் 'டிரேஸ்' என்று எழுதுகிறோம். 30 என்றால் ஒரு பிளஸ், 100 என்றால் இரண்டு, 300 என்றால் மூன்று. 15-க்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் ரிப்போர்ட்டில் 'நில்' என்றுதான் வரும்.

உங்கள் ஏசிஆர் ரிப்போர்ட்டில் 140-க்கு மேலே இரண்டு வரி இருக்கும்: சிறுநீர் அல்புமின் எவ்வளவு, சிறுநீர் கிரியாட்டினின் (தசையிலிருந்து வரும் கழிவு) எவ்வளவு. அந்த இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள். காசு பறித்தார்களா என்பதை அதை வைத்துப் பேசலாம்.

கெடிலக்கரை
ஜூன் 5, காலை 6:50

எண்களைப் போட்டதற்கு நன்றி. அல்புமின் லிட்டருக்கு 70 மி.கி. கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 50 மி.கி.

கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 70 என்றால் டெசிலிட்டருக்கு வெறும் 7. பட்டை 15-இல்தான் விழிக்கவே ஆரம்பிக்கிறது, அதனால் நில். கிரியாட்டினின் 50 என்றால் லிட்டருக்கு அரை கிராம். 70-ஐ அரையால் வகுத்தால் 140, அதாவது ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 140 மி.கி. அல்புமின். இரண்டு லேபும் பொய் சொல்லவில்லை, தம்பி.

ஏன் வகுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரசத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் கூட ஊற்றினால் உப்பும் புளியும் சேர்ந்தே நீர்த்துப்போகும், ஆனால் உப்புக்கும் புளிக்கும் உள்ள விகிதம் அப்படியே இருக்கும். அப்பா அன்று காலை நிறையத் தண்ணீர் குடித்திருந்தால் சிறுநீரில் அல்புமினும் நீர்த்துவிடும், கிரியாட்டினினும் நீர்த்துவிடும். கிரியாட்டினின் தசையிலிருந்து நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறுவது. அதை அளவுகோலாக வைத்து வகுத்தால் தண்ணீர் செய்த மாயம் நீங்கிவிடும். பட்டைக்கு இந்த வசதி கிடையாது. தண்ணீராக இருக்கும் சிறுநீரில் அது புரதத்தைத் தவறவிடும். வெயிலில் அலைந்து திரிந்து வந்தவரின் கெட்டியான மஞ்சள் சிறுநீரில், பொருட்படுத்த வேண்டாத அளவுக்கும் ஒரு பிளஸ் காட்டும்.

ஏசிஆர் 30-க்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை நடுவகை. 300-க்கு மேல் அதிகம். கேடிகோ என்ற சர்வதேச சிறுநீரக அமைப்பின் வழிகாட்டியில் இதைத்தான் ஏ1, ஏ2, ஏ3 என்று பிரித்திருக்கிறார்கள். உங்கள் அப்பா ஏ2. ஆனால் ஒரே ஒரு சோதனையை வைத்து முத்திரை குத்தக் கூடாது, டாக்டரும் 'இருக்கலாம்' என்றுதான் சொல்லியிருக்கிறார். மூன்று மாத இடைவெளியில் இன்னும் இரண்டு முறை, காலை முதல் சிறுநீரில் எடுத்துப் பாருங்கள். இப்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

கெடிலக்கரை
ஜூன் 5, இரவு 10:05

காலையில் எழுதியதற்கு ஒரு சேர்க்கை. கிரியாட்டினின் எல்லோருக்கும் ஒரே அளவு வராது. தசை அதிகம் உள்ள வாலிபருக்குக் கூடுதலாக வரும், மெலிந்த பாட்டிக்குக் குறைவாக வரும். அதனால் இருவருக்கும் ஒரே அளவு அல்புமின் ஒழுகினாலும் பாட்டியின் ஏசிஆர் பெரிதாகவும் வாலிபருடையது சிறிதாகவும் தெரியும். வகுக்கும் எண் சின்னதானால் விடை பெரிதாகிறது, அவ்வளவுதான். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒருவர் தன் ஆயாவுக்கு 38 வந்ததென்று பயந்துபோய் எழுதியிருந்தாரே, அவருக்காகத்தான் இது. ஆயாவின் எடை 36 கிலோ என்றால் அந்த 38-ஐ டாக்டர் வேறு விதமாகப் பார்ப்பார்.

கெடிலக்கரை
ஜூன் 6, மதியம் 1:20

சிறுநீர் நுரைக்கிறதே, கிட்னி போச்சா என்று முதுநகரிலிருந்து கேட்டவருக்கு. நுரை வந்தாலே கிட்னி போச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உயரத்திலிருந்து வேகமாகப் போனாலே நுரைக்கும், கழிப்பறையில் ஊற்றிய கிளீனர் மிச்சம் இருந்தாலும் நுரைக்கும், காலை முதல் சிறுநீர் கெட்டியாக இருப்பதாலும் நுரைக்கும். ஆனால் தினமும் நுரைத்து, சில நிமிஷம் கழித்தும் அடங்காமல் அப்படியே நின்றால் சோதிப்பது நல்லது. அல்புமின் நீரின் மேற்பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் குமிழி உடையாமல் நிற்கும். கண் இமை வீக்கமோ கணுக்கால் வீக்கமோ கூட இருந்தால் அதே வாரம் போய்ப் பாருங்கள்.

கெடிலக்கரை
ஜூன் 7, இரவு 9:15

'அந்தக் காலத்தில் டெஸ்ட் டியூபைக் கொளுத்திப் பார்த்தார்களே, அது இதைவிட நல்லதா' என்று ஒரு பெரியவர் கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது, கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

நான் படித்தபோது எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அதைத்தான். டியூபில் முக்கால்வாசி சிறுநீரை ஊற்றி, அடியைப் பிடித்துக்கொண்டு மேல்பகுதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். மேலே கலங்கினால் கீழே தெளிவாக இருக்கும் பகுதியோடு ஒப்பிடலாம். கலங்கியதும் அல்புமின் என்று எழுதிவிடக் கூடாது, பாஸ்பேட் உப்பும் சூட்டில் கலங்கும். நீர்த்த அசிட்டிக் அமிலம் சில சொட்டு விட்டால் பாஸ்பேட் கரைந்து தெளிந்துவிடும். புரதம் என்றால் கலங்கல் நிற்கும், சில சமயம் இன்னும் கூடும். ஸ்பிரிட் சூடும் வினிகர் நெடியும் கலந்து அந்த அறையே ஒரு தனி வாசனையாக இருக்கும்.

லண்டனில் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர், உடல் வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டிப் பார்த்தார். வெள்ளையாக உறைந்தது. இறந்தவர்களின் உடலைத் திறந்தபோது சிறுநீரகங்கள் கெட்டிருந்தன. 1827-இல் அவர் அதை எழுதி வெளியிட்டார். சிறுநீரில் புரதம், உடலில் வீக்கம், சிறுநீரகத்தில் நோய், இந்த மூன்றையும் ஒன்றாகக் கோத்தது அந்தக் கரண்டிதான். இன்று லட்சக்கணக்கில் விலையுள்ள மெஷினில் நாங்கள் செய்வதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

சரி, பெரியவர் கேள்விக்கு வருகிறேன். பட்டை முக்கியமாக அல்புமினை மட்டும்தான் பிடிக்கும். சல்ஃபோசாலிசிலிக் அமிலம் ஊற்றிக் கலங்கலைப் பார்க்கும் பழைய முறை எல்லாப் புரதத்தையும் பிடிக்கும். இந்த வித்தியாசம் ஒருவரின் உயிர் வரைக்கும் போகலாம்.

எங்கள் லேபுக்கு ஒரு முறை முதுகுவலியோடு அலைந்துகொண்டிருந்த ஒருவரின் சாம்பிள் வந்தது. ஹீமோகுளோபின் குறைவு, ரத்தத்தில் கிரியாட்டினின் கூடுதல், அதாவது கிட்னி சரியாக வடிகட்டவில்லை. பட்டையில் அல்புமின் நில். மெஷினில் மொத்தப் புரதம் பார்த்தால் எக்கச்சக்கம். மெஷின் கோளாறு என்று திரும்ப ஓட்டினேன், அதே எண். எங்கள் சீனியர் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் ஒரு டியூபில் சல்ஃபோசாலிசிலிக் ஊற்றினார். பால் மாதிரி வெளுத்தது. அல்புமின் இல்லை, ஆனால் புரதம் கொட்டிக் கிடக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொன்னோம். எலக்ட்ரோஃபோரசிஸ் செய்தார்கள், ஒரே இடத்தில் ஒரு கூர்மையான வரி. மைலோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் புற்றுநோய்.

அந்தப் புரதம் 1840-களில் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற லண்டன் மருத்துவர் ஆராய்ந்தது. அதன் குணம் விசித்திரம்: 40 முதல் 60 டிகிரிச் சூட்டில் கலங்கும், கொதிநிலைக்குப் போனால் கரைந்துவிடும், ஆறும்போது திரும்பக் கலங்கும். ஆகவே டியூபை அவசரமாகக் கொதிக்க வைப்பவர் இதைப் பார்க்காமலே விட்டுவிட வாய்ப்பு உண்டு. இப்போது இந்தப் புரதத்தை நேராகக் கண்டுபிடிக்க இம்யூனோஃபிக்சேஷன், ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் என்ற சோதனைகள் இருப்பதால் சூட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அந்த அக்கா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் கற்றுக்கொண்டதில் பாதி அவரிடம்தான்.

கெடிலக்கரை
ஜூன் 8, காலை 11:30

மேலே எலக்ட்ரோஃபோரசிஸ் என்று எழுதியதை விளக்கச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அகரோஸ் ஜெல்லில் சாம்பிளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் புரதங்கள் தங்கள் மின்னேற்றத்துக்கு ஏற்றபடி வெவ்வேறு தூரம் ஓடும். சாயம் போட்டால் வரிவரியாகத் தெரியும். அல்புமின் வரி மட்டும் தடித்திருந்தால் கசிவு குளோமெருலஸ் என்ற வடிகட்டியில் இருக்கிறது. அல்புமின் மெலிதாக, ஆல்ஃபா, பீட்டா பகுதிகளில் சின்னச் சின்ன வரிகள் தெரிந்தால் வடிகட்டி நன்றாக இருக்கிறது, அடுத்து வரும் குழாய்கள் வேலை செய்யவில்லை. ஒற்றைக் கூர் வரி என்றால் நேற்று சொன்ன கதை.

சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அல்புமின் மூலக்கூறு பெரியது, 66 கிலோடால்டன் எடை, நல்ல வடிகட்டி அதைத் தடுத்துவிடும். சின்னப் புரதங்கள் வடிகட்டியைத் தாண்டும், ஆனால் குழாயின் செல்கள் அவற்றைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆரோக்கியமானவரின் சிறுநீரிலும் ஒரு நாளுக்கு 150 மி.கி. வரை புரதம் போகும். அதில் கணிசமான பங்கு ரத்தத்திலிருந்து வருவதே இல்லை, சிறுநீரகக் குழாயே சுரக்கும் யூரோமோடுலின். 1950-இல் டாம், ஹார்ஸ்ஃபால் என்ற இருவர் பிரித்தெடுத்ததால் பழைய புத்தகங்களில் டாம்-ஹார்ஸ்ஃபால் புரதம் என்றிருக்கும். 'எனக்கு நாளுக்கு 90 மி.கி. புரதம் போகிறது, சாகப் போகிறேனா' என்று கேட்டவர் நிம்மதியாகத் தூங்கலாம்.

கெடிலக்கரை
ஜூன் 9, இரவு 8:50

ஒரு நாளில் போகும் புரதத்தை அளக்கக் கேட்கும் 24 மணி நேரச் சிறுநீர். இதைச் சரியாகச் சேகரித்து வருபவர்கள் குறைவு, அதில் நோயாளிகளைக் குறை சொல்ல மாட்டேன். கவுண்டரில் கேனை நீட்டிவிட்டு 'நாளைக்குக் கொண்டாங்க' என்று மட்டும் சொன்னால் யாருக்குத்தான் புரியும்?

காலை 6 மணிக்கு ஆரம்பிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 6 மணிக்குப் போகும் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட வேண்டும், அது நேற்று இரவுக் கணக்கு. அதற்குப் பிறகு பகலிலும் ராத்திரியிலும் போவது எல்லாம் கேனில். மலம் கழிக்கும்போது வருவதையும் முதலில் தனியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை 6 மணிக்குப் போவதும் கேனில் சேர வேண்டும். அத்தோடு சரி. கேன் குளிர்ச்சியான இடத்தில் இருக்கட்டும்.

சேகரிப்பு முழுதா அரையா என்பதைக் கேனில் உள்ள கிரியாட்டினினே காட்டிக்கொடுத்துவிடும். ஆணுக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 20 மி.கி., பெண்ணுக்கு 15 என்ற அளவில் ஒரு நாளுக்கு வர வேண்டும். 60 கிலோ ஆளின் கேனில் 500 மி.கி. மட்டும் இருந்தால் பாதி வீட்டிலேயே நின்றுவிட்டது என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு தாத்தா இரண்டு கேனோடு வந்தார். ஒன்று தன்னுடையது, இன்னொன்று 'அவளும் கூடவே எழுந்து எழுந்து போனா, அதையும் பார்த்திடுங்க' என்று ஆயாவுடையது. கடலூர் பஸ்ஸில் கண்டக்டர் என்ன எண்ணெய் என்று கேட்டாராம், தாத்தா நல்லெண்ணெய் என்று சொல்லிவிட்டாராம். லேபே சிரித்தது, தாத்தாதான் அதிகம் சிரித்தார். ஆயாவுடையதையும் பட்டையில் பார்த்துச் சொன்னோம்.

இவ்வளவு பாடு இருப்பதால்தான் ஒரே முறை பிடித்த ஸ்பாட் சாம்பிளில் விகிதம் பார்ப்பது பரவலானது. நெஃப்ராட்டிக் நோயில் (புரதம் அளவுகடந்து கசிந்து உடல் வீங்கும் நோய்) நாளுக்கு 3.5 கிராமுக்கு மேல் போகிறதா என்று உறுதிசெய்யும்போதும், உடல்வாகு காரணமாக விகிதத்தை நம்ப முடியாதபோதும் டாக்டர்கள் இன்னும் கேன் கேட்பார்கள். கேட்டால் எரிச்சல்படாமல் செய்துகொடுங்கள்.

கெடிலக்கரை
ஜூன் 11, காலை 7:05

போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகும் மகனுக்கு இரண்டு பிளஸ் வந்துவிட்டதென்று அழாத குறையாக எழுதியிருக்கும் அம்மாவுக்கு. பையன் காலையில் சில்வர் பீச்சில் ஓடிவிட்டு அப்படியே லேபுக்குப் போயிருக்கிறான், நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கடும் உடற்பயிற்சிக்குப் பிறகு ஒரு நாள் வரை புரதம் கசிவது வழக்கம். காய்ச்சல், சிறுநீர்ப் பாதைக் கிருமித் தொற்று, மாதவிலக்கு, மிக அதிகமான சர்க்கரை, இதயக் கோளாறு, இவையும் புரதத்தைத் தற்காலிகமாக ஏற்றிவிடும்.

இன்னொன்று, வளரும் வயதுப் பிள்ளைகள் சிலருக்கு நின்றால் நடந்தால் மட்டும் புரதம் போகும், படுத்திருந்தால் போகாது. அது தொந்தரவு இல்லாதது. கண்டுபிடிப்பது சுலபம்: ராத்திரி படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும், காலை எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அதில் இல்லை, பகல் சாம்பிளில் இருக்கிறது என்றால் விடை கிடைத்துவிட்டது. இரண்டு நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காலை முதல் சிறுநீரைப் பாருங்கள், அம்மா. அதிலும் வந்தால் டாக்டர்.

கெடிலக்கரை
ஜூன் 11, இரவு 10:30

பட்டை வாங்கி வீட்டில் பார்ப்பவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். குப்பியின் மூடியைத் திறந்து போடாதீர்கள். நம் ஊர்க் கடல்காற்றின் ஈரம் பட்டையைக் கெடுத்துவிடும். ஒரு லேபில் காலையில் திறந்த குப்பி மாலைவரை திறந்தே கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன், அந்த மேஜையிலிருந்து போன ரிப்போர்ட்டுகளை நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் ஜன்னலோரம் வைப்பதும் அப்படித்தான், 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நனைத்து உடனே எடுக்க வேண்டும், ஊற வைத்தால் அமிலக் கலவை கரைந்துபோய்ச் சாயம் தானாகவே பச்சையாகும். டப்பாவைக் கழுவிய கிருமிநாசினி ஒட்டியிருந்தாலும் பொய்யான பிளஸ் வரும்.

கெடிலக்கரை
ஜூன் 13, இரவு 9:00

இதுவரை எழுதியதை எல்லாம் படித்துவிட்டு விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கேட்கிறார்: 'எனக்குச் சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஏசிஆரும் 20தான். ஆனால் ரத்தத்தில் கிரியாட்டினின் 2.1 என்கிறார்கள். புரதமே போகாதபோது கிட்னி எப்படிக் கெடும்?'

அண்ணே, இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். புரதம் போகாமலே கிட்னி கெடும், அதுவும் நம் பக்கத்திலேயே. 2020-இல் ஜிப்மர் மருத்துவர்கள் இதை எழுதி, 'தொண்டைமண்டல நெஃப்ரோபதி' என்று பேர் வைத்தார்கள். புதுச்சேரியையும் வட தமிழகத்தையும் சேர்ந்தவர்கள், பலர் வயலில் வேலை செய்பவர்கள். சர்க்கரையும் இல்லை, பல காலப் பிரஷரும் இல்லை, சிறுநீரில் புரதம் மிகக் குறைவு அல்லது இல்லவே இல்லை. ஆனால் சிறுநீரகம் சுருங்கிக்கொண்டே போகிறது. ஆந்திராவின் உத்தானம், இலங்கையின் வடமத்திய மாகாணம், மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்கள், இங்கெல்லாமும் இப்படி ஒரு நோய் இருக்கிறது. வெயிலில் நீர் வற்றுவது, குடிநீர், பூச்சிமருந்து எனப் பலவற்றைச் சந்தேகித்து ஆராய்கிறார்கள், காரணம் இன்னும் முடிவாகவில்லை.

இந்த நோய் வடிகட்டியை விட்டுவிட்டுக் குழாய்களையும் அவற்றைச் சுற்றிய திசுவையும் தாக்குகிறது. ஆகவே அல்புமின் சோதனை மட்டும் செய்தால் 'நன்றாக இருக்கிறீர்கள்' என்று அனுப்பிவிடுவோம். சின்னப் புரதங்களைக் குழாய் திரும்ப உறிஞ்சும் என்று ஜூன் 8-இல் எழுதினேனே, இங்கே அது வேலைக்கு வரும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின், ஆல்ஃபா-1 மைக்ரோகுளோபுலின், ரெட்டினால் பைண்டிங் புரோட்டீன், இந்தச் சின்னப் புரதங்கள் சிறுநீரில் கூடினால் குழாய் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். பீட்டா-2 அமிலச் சிறுநீரில் சிதைந்துவிடும், பிஎச் 6-க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. மற்ற இரண்டும் அதைவிட நிலையானவை. ஊர் லேப்களில் இவை கிடைப்பது கஷ்டம், பெரிய மருத்துவமனையில் டாக்டர் தேவை என்று நினைத்தால் கேட்பார்.

ஊர் லேபிலேயே முடிவது ஒன்று உண்டு: ரத்தத்தில் கிரியாட்டினின், அதிலிருந்து வயதையும் பாலினத்தையும் வைத்துக் கணக்கிடும் இஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் வடிகட்டும் திறன். அது 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் நின்றால், புரதம் போனாலும் போகாவிட்டாலும், அது நாள்பட்ட சிறுநீரக நோய்தான். வயலில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு ஒரு முறை இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அண்ணே, நீங்கள் தள்ளிப்போடாமல் நெஃப்ராலஜி (சிறுநீரகப் பிரிவு) ஓபிக்குப் போங்கள். முதுகுவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அது சிறுநீரகத்துக்கு ஆகாது, இன்றோடு நிறுத்துங்கள்.

கெடிலக்கரை
ஜூன் 14, காலை 6:30

நெல்லிக்குப்பம் தங்கைக்கு மட்டும், அவசரம் என்பதால் சுருக்கமாக. கர்ப்பம் ஏழாம் மாதம், பிரஷர் 146/94, பட்டையில் ஒரு பிளஸ். இதற்கு இங்கே பதில் தேடிக்கொண்டிருக்காதே. 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 தாண்டி, 24 மணி நேரப் புரதம் 300 மி.கி. அல்லது புரத-கிரியாட்டினின் விகிதம் 0.3 இருந்தால் அது முன்சூல்வலிப்பு (ப்ரீ-எக்லாம்ப்சியா) என்ற நோயின் அடையாளம். வெள்ளைப்படுதல் கலந்தும் ஒரு பிளஸ் வரும்தான், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர். இன்றே போ. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் இந்த நிமிஷமே போ.

கெடிலக்கரை
ஜூன் 14, இரவு 7:45

அட்மிட் செய்திருக்கிறார்கள், தாயும் சிசுவும் நன்றாக இருக்கிறார்கள் என்று அவர் கணவர் எழுதியிருக்கிறார். இன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

கெடிலக்கரை
ஜூன் 17, இரவு 9:30

இந்த இழையை முதலிலிருந்து படித்தபோது பட்டையின் குறைகளைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன் என்று பட்டது. அதன் பெருமையையும் சொல்ல வேண்டும்.

நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் வந்த குழந்தைகளுக்கு வீட்டில் வைத்துப் பார்க்கப் பட்டையைவிடச் சிறந்த துணை இல்லை. காலையில் முகம் உப்பிக்கொண்டு எழுந்திருக்கும், முதலில் கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பார்கள். அப்புறம் பார்த்தால் நான்கு பிளஸ். ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அடங்கிவிடும், ஆனால் திரும்பத் திரும்ப வரும். அதனால் அம்மாக்கள் தினமும் காலைச் சிறுநீரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதுகிறார்கள். மூன்று நாள் தொடர்ந்து நில் அல்லது டிரேஸ் என்றால் அடங்கிவிட்டது. மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் என்றால் திரும்ப வந்துவிட்டது, வீக்கம் வரும் முன்பே டாக்டரிடம் போய்விடலாம். அப்படி ஒரு நோட்டைப் பார்த்திருக்கிறேன், கோடு போட்டு, தேதி போட்டு, காய்ச்சல் வந்த நாளைச் சிவப்பில் எழுதி. எங்கள் லேப் ரிஜிஸ்டர்கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது.

அந்தக் குழந்தைகளின் சாம்பிளில் மெஷின்தான் தடுமாறும். ஏசிஆர் பார்க்கும் முறையில் அல்புமினோடு ஒட்டும் ஆன்டிபாடியைச் சேர்த்து, வரும் கலங்கலை அளக்கிறோம். அல்புமின் அளவுகடந்து இருந்தால் ஆன்டிபாடி போதாமல் கலங்கல் குறைந்துவிடும், எண் சின்னதாக வரும். பட்டையில் நான்கு பிளஸ், மெஷினில் 90 என்று வந்தால் நாங்கள் சாம்பிளை நீர்க்க வைத்துத் திரும்ப ஓட்டுவோம், எண் ஆயிரக்கணக்கில் ஏறும். இப்போதைய மெஷின்கள் பல இதைத் தாமே எச்சரிக்கும். ஆனாலும் மெஷினைச் சந்தேகிக்கும் தைரியத்தைப் பல முறை அந்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பட்டைதான் எனக்குக் கொடுத்திருக்கிறது.

பண்ருட்டித் தம்பி
செப்டம்பர் 12, மாலை 5:40

அக்கா, நீங்கள் சொன்னபடி காலை முதல் சிறுநீரில் திரும்ப எடுத்தோம். முதலில் 118, இப்போது 126. ரத்தத்தில் கிரியாட்டினின் 1.0, இஜிஎஃப்ஆர் 80-க்கு மேல். டெல்மிசார்டன் ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பாவுக்குப் பிரஷரே பெரிதாக இல்லையே, எதற்குப் பிரஷர் மாத்திரை? காசு பறிக்கிற டெஸ்ட் என்று எழுதியதை விட்டுவிடுங்கள். அடுத்த முறை சாம்பிளைப் பண்ருட்டியிலிருந்தே பிடித்துப் பாண்டிக்குக் கொண்டுவரலாமா? ஐஸ் வேண்டுமா?

கெடிலக்கரை
செப்டம்பர் 12, இரவு 9:10

மூன்று மாத இடைவெளியில் மூன்றும் 30-க்கு மேல். இப்போது டாக்டர் உறுதியாகச் சொல்லலாம், சொல்லியிருக்கிறார். நல்ல நேரத்தில் பிடித்திருக்கிறார்கள், வடிகட்டும் திறன் இன்னும் குறையவில்லை.

அந்த மாத்திரை பிரஷரை மட்டும் குறைப்பதில்லை, குளோமெருலஸுக்கு உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் குறைத்து அல்புமின் கசிவை அடக்கும். சர்க்கரைக்காரர்களுக்குச் சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கும் என்று நிரூபணமான மருந்து வகை. டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரையும் பின்னால் சேர்க்கலாம், அது டாக்டர் முடிவு. டெல்மிசார்டன் ஆரம்பித்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்வார்கள், அதை விட்டுவிடாதீர்கள். கிரியாட்டினின் கொஞ்சம் ஏறுவது எதிர்பார்க்கக்கூடியது, 30 சதவீதத்துக்குள் என்றால் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தி பேதி வந்து நீர் வற்றிய நாளில் மட்டும் டாக்டருக்குப் போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பிளைக் கொண்டுவரலாம். அல்புமின் சில மணி நேரம் அப்படியே இருக்கும், காலை பஸ்ஸில் ஏறினால் ஐஸ் தேவையில்லை, வெயிலில் படாமல் பையில் வையுங்கள். அன்று வர முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்து மறுநாள் வாருங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். நடுப்பகுதிச் சிறுநீராகப் பிடியுங்கள், டப்பாவை லேபிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். கழுவிய ஊறுகாய் பாட்டில் வேண்டாம். மூடியில் எழுதாமல் டப்பாவின் உடம்பில் அப்பாவின் பேரையும், பிடித்த நேரத்தையும் எழுதுங்கள், மூடி எங்கள் மேஜையில் கழன்றுவிடும்.